வல்லாரைச் சோதனை

ஞாயிறு

எழுத்து கோணல்மாணல். படிக்கப்போவது நான் மட்டும்தான், ஆனாலும் மன்னிப்பு. இந்த வயதில் கற்ற கை.

எங்கள் ஊர் ஸ்கூடாயில் காலையிலிருந்து மழை. கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் வகுப்பு. வழியில் கடைப் பலகை எல்லாம் படித்துக்கொண்டே போனேன். என்ன சந்தோஷம்!

என் மனைவி சரசுவுக்கு மறதி. போன மாதம் பசாரிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டாள். கிளினிக் என்றால் அழுகை. அதனால் காலையில் வல்லாரைச் சாறு. மாலையில் வகுப்புத் தாளை நான் வாசிக்க, அவள் சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் இரண்டு. இப்போது எல்லாமே! கிளினிக் தேவையில்லை.

வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். பாடம் எடுக்கும் ஸ்டெல்லா டீச்சர் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவர். "சாறு குடிக்காத ஆளு யாரையாச்சும் கேட்டுப் பாத்தீங்களா அங்கிள்?"

பக்கத்து நாற்காலி ராயப்பன் தலையில் கைவைத்தார்: "அலமாக், சாறுக்கும் பரீட்சையா லா!"

திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

வீட்டில் சாறு குடிக்காத ஆள் நான்தான். கண்ணை மூடிச் சொன்னேன்: படகு, பானை, ஆடு, குடை, மாடு. ஒன்றும் விடவில்லை! தினமும் அதே தாள். தடங்கலில்லாமல் எனக்கு வாசிக்க வருவது அது ஒன்றுதான்.

சரசுவிடம் கேட்டேன்.

"அதையேதானே கேக்குறீங்க. பாட்டு மாதிரி வாயில வந்திருச்சு."

செவ்வாய்

மூட்டம். மீன் வாங்கவில்லை.

புதுத் தாள். எழுத்துக் கூட்டி வாசிக்க வெகுநேரம். சரசு "வாளி" என்று ஒன்றை மட்டும் சொன்னாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "இன்னும் இருக்கா?"

நான் இழுத்து வாசித்ததாலும் மறந்திருக்கலாம். ஒரு நாளை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் வல்லாரை போதும் என்றும் இனிச் சொல்ல முடியாது.

புதன்

கிளினிக் போய் வெள்ளிக்கிழமைக்குப் பதிந்தேன். அவள் பெயரை நானே எழுதினேன். யாரையும் கேட்கவில்லை!

சரசு அழவில்லை. "அங்கயும் இந்தத் தாளுதானா?"

"வேற கேப்பாங்க."

"அப்ப நான் ஃபெயிலு லா."

"என்னையும் கேக்கச் சொல்றேன். சேந்தே ஃபெயிலாவோம்."

சிரித்தாள். எந்தச் சட்டை போடப்போகிறீர்கள் என்றாள்.

டாக்டர் சொல்வதை அடுத்த வாரம் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.