என் பெயரில் ஓடிய வண்டி

நவம்பர் 9, 2017. ராக் ஸ்பிரிங்ஸ், வயோமிங்

கண் விழித்தபோது லாரி ஓடிக்கொண்டிருந்தது. பின் படுக்கையின் திரையை விலக்கினேன். ராய்ஸின் பின்கழுத்து. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை வெளி.

"எங்க இருக்கோம்?"

"ராலின்ஸ் தாண்டியாச்சு. தூங்கு."

"இது என் முறையாச்சே."

"நீ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்க," என்றான். அவன் சிரிப்பது பின்கழுத்திலேயே தெரிந்தது.

யார் எப்போது ஓட்டினோம் என்று எழுதும் பதிவுத் தாளை எடுத்துப் பார்த்தேன். லாரமியிலிருந்து நான் ஓட்டுகிறேன், அவன் தூங்குகிறான். என் கையெழுத்து மாதிரியே எழுதுகிறான். ஏழுக்கு நடுவில் நான் போடும் சிறு கோட்டைக்கூட விடவில்லை.

சட்டப்படி ஒருவர் பதினோரு மணி நேரம் ஓட்டலாம், பிறகு பத்து மணி நேர ஓய்வு. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் வண்டி நிற்கவே வேண்டாம். அதற்காகத்தான் ராய்ஸைக் கல்யாணம் செய்த இரண்டாம் வருடம் நானும் லாரி உரிமம் எடுத்தேன். ஆனால் என் முறையில் பாதிக்கு மேல் அவன்தான் ஓட்டுகிறான். நான் ஓட்டும் கொஞ்ச நேரமும் பக்கத்து இருக்கையில் காப்பியோடு உட்கார்ந்திருப்பான். சரக்கு ஏற்ற, இறக்க வண்டி நிற்கும் இடங்களில் தூங்கிக்கொள்வான்.

எனக்குத் தூக்கம் கிடைக்கட்டும் என்று. அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

நவம்பர் 10

ஓட்டுநர்கள் இந்தத் தாள்களைச் சித்திரக் கதை என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் நம்பத்தகாத கதைசொல்லியைப் பற்றி முப்பது பக்கம் எழுதினேன். அப்போது எனக்கு அப்படி ஒருவரையும் தெரியாது.

நவம்பர் 21. வீடு, ஒகலாலா

வெர்ன் சாப்பிட வந்திருந்தான். ராய்ஸின் பழைய கூட்டாளி, அறுபதை நெருங்குகிறவன். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி முதல் எல்லா லாரியிலும் மின்னணுப் பெட்டி கட்டாயம். எஞ்சினோடு இணைந்திருக்கும். சக்கரம் உருண்டால் அதுவே எழுதிக்கொள்ளும். இரண்டாயிரத்துக்கு முந்தைய எஞ்சினுக்கு மட்டும் விலக்கு. வெர்ன் தன் நல்ல வண்டியை விற்றுவிட்டு தொண்ணூற்றாறாம் வருடத்து வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான்.

"மாமியாரைக் கொண்டாந்து டேஷ்போர்டுல உக்கார வைக்கிறானுங்க."

"உன் மாமியார் தங்கமானவங்கன்னு சொல்லுவியே?" என்றான் ராய்ஸ்.

"அவங்க ஊர்ல இருக்கிறவரைக்கும் தங்கம்தான்."

மூவரும் சிரித்தோம். பிறகு வெர்ன் முள்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"கிடங்குல நாலு மணி நேரம் நிக்க வைக்கிறான் ஆட்ரா. முன்னெல்லாம் அதைத் தூக்கம்னு எழுதிட்டு, அப்புறம் நிதானமாப் போவேன். பெட்டிக்கு நிதானம் தெரியாது. காலைல கடிகாரம் ஆரம்பிச்சா ஆரம்பிச்சதுதான், வண்டி நின்னாலும் அது ஓடும். மிச்சம் இருக்கிற நேரத்துல போய்ச் சேரணும்னா என்ன செய்வான்? மிதிப்பான். இதுக்குப் பேரு பாதுகாப்பாம்."

அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ராய்ஸ் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவனுடைய கவலை கிடங்கு அல்ல.

டிசம்பர் 3. எல்கோ, நெவாடா

குளியலறை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் ஓட்டுநர். கையிடுக்கில் ஒரு குட்டி நாய். பெட்டியைப் பற்றிக் கேட்டேன். இப்போது எல்லோரும் எல்லோரிடமும் அதைத்தான் கேட்கிறோம்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. 'இன்னும் கொஞ்சம் போயிட முடியுமா கண்ணு?'ன்னு கேப்பாங்க. முடியாதுன்னா அடுத்த வாரம் லோடு வராது. இப்ப நான் எதுக்குச் சொல்லணும்? பெட்டி சொல்லும் முடியாதுன்னு. கெட்ட பேரு அதுக்கு."

இதை ராய்ஸிடம் சொன்னேன்.

"அவ தனியா ஓட்டுறா. நாம ரெண்டு பேரு."

ரெண்டு பேரா? கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 16. வீடு

பெட்டி வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ளங்கை அளவு கறுப்புப் பொருள். மேலே ஒரு திரை. ஓட்டுகிறவர் தன் ரகசிய எண்ணைத் தட்டி உள்ளே நுழைய வேண்டும். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"உன் நம்பர் என்ன?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? நீ தூங்குறப்ப எழுப்பியா கேக்கிறது?"

"நான் ஓட்டுறேன். நீ தூங்கு. அதுக்குத்தானே ரெண்டு நம்பர்."

பனியில் நின்றுகொண்டு பூட்ஸை டயரில் தட்டினான். ரொம்ப நேரம் தட்டினான்.

"எனக்குத் தூக்கம் வராது ஆட்ரா."

"நான் ஓட்டினாலா?"

"யாரு ஓட்டினாலும்."

"இதுக்கு முன்னாடி யாரு ஓட்டி நீ பின்னாடி படுத்திருக்க?"

யாரும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. இருபத்திரண்டு வயதிலிருந்து அவன் தனி ஓட்டம்.

மூணு வருஷம். மூணு வருஷமா எனக்குப் போர்வை போத்திவிடுற மாதிரின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்போ நான் எதுக்கு அந்த வண்டியில? பேருக்கா? என் பேரு போதும், நான் வேண்டாமா?

கொஞ்சம் கழித்து எழுதுகிறேன். போர்வையும் உண்மையாக இருக்கலாம். ஒரே காரியத்துக்கு இரண்டு காரணங்கள் இருப்பதில் தடை ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை மட்டும்தான் இதுவரை எனக்குச் சொல்லியிருக்கிறான்.

டிசம்பர் 17

எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 4, 2018. ரீனோ

இப்போது என் கையெழுத்தும் வேண்டியதில்லை. நான்கு இலக்கங்கள் போதும், நான் ஓட்டத் தொடங்கிவிடுகிறேன். தூங்கிக்கொண்டே யூட்டாவைக் கடந்தேன்.

நேற்று, தூக்கத்தில் விலகும் ஓட்டுநரை எழுப்ப வெட்டியிருக்கும் சாலை ஓரத்து வரிப்பள்ளங்களில் டயர் ஏறி அதிரும் சத்தத்தில் விழித்தேன். வண்டி உடனே நேரானது.

"காத்து," என்றான்.

மரம் இல்லாத இடம்தான், ஆனால் வேலிக் கம்பியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. திரையை இழுத்துவிட்டேன். படுத்துக்கொண்டு யோசித்தேன். நாளை ஏதாவது ஆனால், எதிரே வருகிற வண்டியில் யாராவது செத்துப்போனால், ஓட்டியது நான். எஞ்சினே சாட்சி சொல்லும்.

இதை அவன் யோசித்திருப்பானா? யோசித்திருந்தால் ஒருவிதம். யோசிக்கவே இல்லையென்றால் வேறுவிதம். எது பரவாயில்லை என்று தெரியவில்லை.

ஜனவரி 19. வயோமிங்

மேற்கு எல்லைக்கு முன்னால் எடைச் சாவடியில் எங்களை ஓரங்கட்டச் சொன்னார்கள். கலிபோர்னியாவுக்கு மாட்டிறைச்சி. எடை சரியாக இருந்தது. அதிகாரி ஒரு பெண், என்னைவிடச் சின்னவளாக இருப்பாள். படியில் ஏறிப் பெட்டியின் திரையைப் பார்த்தாள். திரையில் என் பெயர். இருக்கையில் ராய்ஸ்.

"இப்பத்தான் மாறினோம்," என்றான். "அவ பின்னாடி போயிட்டா. நான் இன்னும் என் நம்பரைப் போடல."

அவள் என்னைக் கூப்பிட்டாள். படுக்கைத் திரையை விலக்கினேன். கம்பளிக் காலுறை. ஒரு பக்கம் நசுங்கிய தலைமுடி.

"மேடம், எல்க் மலைப் பக்கம் நீங்கதான் ஓட்டினீங்களா?"

ராய்ஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"காத்து எப்படி இருந்துச்சு?"

எல்க் மலையில் காற்று இல்லாத நாளே கிடையாது. பலமா இருந்துச்சு என்றால் முடிந்தது. என்னைச் சோதித்தாளா, தப்பிக்க வழி விட்டாளா என்று இன்னமும் விளங்கவில்லை. ஊதா நிற உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"தெரியல," என்றேன். "தூங்கிக்கிட்டிருந்தேன்."

யாரும் குரல் உயர்த்தவில்லை. ராய்ஸுக்கு அபராதம். அடுத்த பத்து மணி நேரம் அவன் ஓட்டக் கூடாது. எனக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தது என் தப்பு. பதிவை என் கண் முன்னாலேயே திருத்தினாள். நான் ஓட்டிய மணிகள் எல்லாம் தூங்கிய மணிகளாயின.

"நல்லாத் தூங்கியிருக்கீங்க போல. நீங்க ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

ராய்ஸ் எழுந்து பின்னால் போனான். நான் முன்னால் வந்தேன். அந்த இடுக்கில் ஒருவரை ஒருவர் உரசாமல் கடக்க முடியாது. உரசாமல் கடந்தோம்.

ஓட்டினேன். யூட்டா எல்லை வரை திரைக்குப் பின்னால் சத்தம் இல்லை. இறக்கத்தில் குரல் வந்தது.

"கியரைக் குறை."

"குறைச்சிட்டேன்."

"சரி."

யூட்டாவின் உப்பு வெளியைக் கடந்தோம். தூங்கிவிட்டானோ என்று நினைத்தேன். நெவாடாவில் டீசல் போட நிறுத்தித் திரையை விலக்கினால், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து கிடக்கிறான். கண் இரண்டும் திறந்து, சிவந்து.

"நல்லாத்தான் ஓட்டுற," என்றான். "ஒரு குறை சொல்ல முடியல. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

அதிகாரியிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜனவரி 29

எண்ணை மாற்றிவிட்டேன், மாற்றியதை அவனிடம் சொன்னேன். "சரி," என்றான். ஒரு முழு ஓட்டம் முறைப்படி போய்ப் பார்த்தோம். காதடைப்பான், மாத்திரை, கண்ணுக்குத் துணி. மூன்றாம் நாள் மதியம் முன்னால் வந்து உட்கார்ந்தான், முகத்தில் இரத்தமே இல்லை.

"நிறுத்து. எங்கயாவது நிறுத்து."

ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினேன். கை பிரேக்கின் காற்றுச் சத்தம் அடங்குவதற்குள் தூங்கிப்போனான். பெரிய ஆள், குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு. ஒன்பது மணி நேரம் நின்றோம். கீரை லோடு தாமதம். லோடு கொடுத்தவர் இனி எங்களைக் கூப்பிடுவது சந்தேகம்.

பிப்ரவரி 11. வீடு

சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"வெர்ன் அந்தப் பழைய வண்டியை விக்கிறானாம். முதுகு முடியலன்னு."

"பெட்டி இல்லாத வண்டி."

"அதுக்கில்ல. வைக்கோல் லோடு ஓட்டலாம்னு பாக்கிறேன். இந்தச் சுத்துவட்டாரத்துலதான். பொழுது சாய வீட்டுக்கு வந்துருவேன்."

"நம்ம வண்டி?"

"அது உன் வண்டி. உனக்குத்தான் பெட்டியோட ஒத்துப்போகுதே."

குத்தலா, பாராட்டா? முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருக்காது. துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 6. செயென்

தனியாக முதல் ஓட்டம். பக்கத்து இருக்கையில் என் கோட்டு. "கியரைக் குறை" என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டு முறை நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 19

கிடங்கில் ஐந்து மணி நேரம் காத்திருப்பு. பெட்டி இரக்கமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. வெர்ன் சொன்னது அப்படியே நடந்தது. நேரம் தீர்வதற்குள் எல்லா லாரி நிறுத்தமும் நிரம்பிவிட்டது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் கிளைப் பாதையில் ஒதுங்கித் தூங்கினேன். பெட்டியை வாய்விட்டுத் திட்டினேன். அதையும் எழுதி வைக்க வேண்டும், இல்லையா.

ஏப்ரல் 3. பேட்டில் மவுண்டன், நெவாடா

சாயங்காலம் ராய்ஸ் ஃபோனில் பேசினான். குரல் நன்றாக இருந்தது.

"நேத்து தூங்கினேன். காலைல எழுந்திரிக்கவே முடியல."

"வீட்டுக் கட்டில் அப்படி."

"கட்டில் இல்ல." கொஞ்சம் தயங்கினான். "பத்து மணிக்கே படுத்துட்டேன். நீ ஓடிக்கிட்டிருந்த. அந்தப் பெட்டி என் ஃபோனுக்கு அனுப்புதுல்ல, மேப்புல ஒரு புள்ளி. அது நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் தூங்கிட்டேன்."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"தினமும் அப்படித்தான். தப்பா எடுத்துக்காத. வெர்ன் கேட்டுட்டுச் சிரிக்கிறான், பெட்டியைத் திட்டினவன் இப்பப் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குறான்னு."

"ஓட்டுறது சரியான்னு பாக்கிறியா?"

"இல்ல. நின்னுட்டியான்னு பாக்கிறேன்."

வைத்துவிட்டோம். அதன் பிறகு நூறு மைல் ஓட்டியிருப்பேன். யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட்டுவது வேறு மாதிரி இருக்கிறது. எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குள் இன்னொன்றும் இருந்தது, அதற்கு என்னிடம் சொல் இல்லை. ஓடுகிற வண்டியில் அவனுக்குத் தூக்கம் வராது என்று நினைத்திருந்தேன். இப்போது அவன் படுத்திருப்பது ஓடாத வீட்டில்.

பேட்டில் மவுண்டனில் ஓர் இடம் காலியாக இருந்தது. பெட்டியில் எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். எல்கோ வரை போயிருக்கலாம். நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் உதவியிருக்கும்.

ஒகலாலாவில் ஒன்பது தாண்டியிருக்கும், அவன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நிறுத்தினேன்.