இழப்பில்லாத தெரு

அன்பு மகனுக்கு,

உடல்நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் நீ இருக்கிறாய் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். என் தொண்டைக்கு ஒரு குறையுமில்லை. ஒலிபெருக்கி இல்லாமலேயே இன்றும் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும். உன் அப்பாவைப் பற்றித்தான் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். சென்ற வாரம் சலவைக்கூடத்தில், தேய்ப்பு மேசையருகே மயங்கி விழுந்தார். முழங்கையில் சூடுபட்டுத் தோல் உரிந்திருக்கிறது. "பையனுக்கு எழுதித் தொலைக்காதே, அங்க உக்காந்துக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்" என்று என்னை அடக்கப் பார்த்தார். நகராட்சியாலேயே முடியாதது இவரால் முடியுமா?

வெயிலால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு பொருளிழப்பு என்று மதிப்பிட, கோடைத் தொடக்கத்தில் ஒரு பெண் வந்தாள். இழப்பு மிகுந்த தெருக்களின் பட்டறைகளுக்கே வெப்பம் தடுக்கும் கூரை என்பது நகராட்சியின் திட்டம். "இந்த வருசம் வேலை குறைஞ்சிருக்கா ஐயா" என்று அவள் கேட்க, உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு உருப்படிகூடக் குறையலம்மா" என்றார். உண்மைதான், குறையவில்லை. நண்பகலில் நிற்க முடியாமல் ஈரத்தரையில் கிடந்துவிட்டு, விடுபட்ட வேலையை விடியுமுன் எழுந்து முடிக்கிறார்; அவர் இழந்த உறக்கம் எந்தக் கணக்கில் ஏறியது? மூத்தவரே அப்படிச் சொன்னபின் மற்றவர்கள் முடியவில்லை என்று வாய் திறப்பார்களா? துணி வெளுக்கும் நுரையண்ணன் மட்டும், "அண்ணே, நீங்க சட்டைக்கு இஸ்திரி போடுறீங்க, மேல இருக்குற தகரம் உங்களுக்குப் போடுது" என்றாராம். எல்லாரும் சிரித்ததோடு சரி. இப்போது நம் தெருவுக்கு வெப்பத்தால் இழப்பே இல்லை என்று முடிவுகட்டி, திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

முதலில் நகராட்சிமேல் ஐயம் கொண்டேன். இழப்பு சுருங்கினால் செலவும் சுருங்குமே! பிறகு அந்தப் பெண்மேல். தேடிப்பிடித்துக் கேட்டேன். "கேள்விய நாங்க எழுதலம்மா, தலைமை ஆபீசுல இருந்து வருது" என்று கழுத்து அட்டையைக் காட்டினாள். நீ அனுப்பிய படத்தில் உன் கழுத்தில் தொங்கும் அதே அட்டை! அன்றுமுதல் ஐயம் உன்மேல். தேய்த்த துணியைக் கேள், தேய்ந்த ஆளைக் கேட்காதே என்று வகுத்தவன் என் மகனா? ஒளிக்காமல் எழுது. வெள்ளிக்கிழமை முறையீட்டுக் கூட்டத்தில் அந்த மதிப்பீட்டை எதிர்த்துப் பேசப்போகிறேன். வகுத்தவன் நீயென்றாலும் ஒரு சொல் குறையாது.

ஆனால் நேற்று இன்னோர் ஐயம் தோன்றியது. அந்த அட்டையை உன் அப்பாவும் அடையாளம் கண்டிருப்பார் அல்லவா? கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "புள்ள ஆபீசு ஆளுகிட்டப் போயி முடியலன்னா சொல்லுவாங்க?" என்றார். உன் காதுக்கு எட்டிவிடக் கூடாதென்று ஊர்க்கணக்கையே பொய்யாக்கிவிட்டார். அதன் விலையை நம் தெருவே தகரத்தின் கீழ் நின்று கொடுக்கிறது.

என் பேச்சுக்குக் கைதட்டுவார்கள், கணக்கைத் திருத்தமாட்டார்கள். அவர் வாயால் சொன்னால்தான் திருத்துவார்கள். ஆகவே அவரை நீயே தொலைபேசியில் அழைத்து, எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடு. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்றானபின் ஊரிடம் மறைக்க அவருக்குக் காரணமில்லை.

நீடு வாழ்க, நேர்மையோடு வாழ்க. வெள்ளிக்குமுன் அழைக்க மறவாதே. முழங்கையைப் பற்றிக் கேட்டால் வெந்நீர் கொட்டிவிட்டது என்பார், நம்பாதே.

உன்மேல் ஐயம் தீராத,
அம்மா