ஒன்பதாவது பாட்டு

ஷில்லாங்,
நவம்பர் 14

அன்புள்ள தாபிஷாவுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். குளிர் வந்ததும் என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் மக்கர் செய்கிறது. பம்பாயில் குளிரே கிடையாதாமே, கொடுத்து வைத்தவள் நீ.

நீ பாடிய பாட்டுகளோடு அனுப்பிய பென் டிரைவ் வந்தது. கேட்டவர்கள் சொன்னதைப் போனில் சொன்னால் பாதியை மழுப்பிவிடுவேன், எழுதித்தான் அனுப்பவேண்டும் என்று சீட்டு வைத்திருந்தாய். சரி, எழுதுகிறேன். பாடியது யாரென்று மூச்சு விடாமல் பத்து நாள் என் டாக்ஸியில் உன் ஆல்பத்தை ஓடவிட்டேன். லைதும்க்ராவிலிருந்து போலீஸ் பஜார் வரை ஒரு நடைக்கு மூன்று பாட்டு. நெரிசலில் மாட்டினால் ஐந்து. ஆகவே யாரும் முழுசாகக் கேட்டதில்லை, கருத்தை மட்டும் முழுசாகச் சொன்னார்கள்.

கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் இரண்டாவது பாட்டுக்கு, "அண்ணே, சத்தத்தக் கூட்டுங்க, நீங்க ஹாரன் அடிக்காம ஓட்டுங்க" என்றார்கள். இறங்கவேண்டிய இடம் வந்தும் பாட்டு முடியும்வரை இறங்கவில்லை. பின்னால் வந்தவன் என்னைத் திட்டினான். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், "பொண்ணு வாய்க்குள்ளயே பாடுதே, பாக்கு மென்னுக்கிட்டே பாடுதோ?" என்றார். அப்போது அவர் வாயிலும் பாக்குதான். கோழியை மடியில் வைத்துக்கொண்டு ஏறிய ஒரு அம்மாள் நான்காவது பாட்டைக் கேட்டுவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ, எதுக்கு இப்படி உருகுது? ரெண்டு நாள் வயிறாரச் சோறு போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாள். உன் அம்மாவே சொன்னதுபோல் இருந்தது.

சர்ச்சில் பாட்டுக்குழு நடத்தும் ஆசிரியர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எழுதத் தெரிஞ்ச பொண்ணு. ஆனா கிட்டார்ல ஒரு தந்தி எறங்கியிருக்கே, ஒருத்தரும் கவனிக்கலையா?" என்றார். அது உன் அண்ணன் பின்ஷாயின் கிட்டார், அந்த முறுக்காணியை எவ்வளவு திருகினாலும் நிற்காது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? தலையை மட்டும் ஆட்டினேன்.

இனி நீ உண்மையில் கேட்க நினைத்ததற்கு வருகிறேன். உன் சீட்டில் "மற்றவங்க என்ன சொல்றாங்க" என்று மூன்று இடத்தில் இருந்தது. அம்மா என்று ஒரு இடத்திலும் இல்லை.

ஒன்பதாவது பாட்டை நான் யாருக்கும் போடவில்லை. எட்டு முடிந்ததும் என் விரல் தானாகப் பத்துக்குத் தாண்டிவிடும். சொல்லே இல்லாத அந்தப் பாட்டு எதுவென்று எனக்குத் தெரியாதா? பின்ஷாய் பிறந்த வாரத்தில் உன் அம்மா அவனுக்கென்று கட்டிய மெட்டு. நம் மலைக் கிராமத்தில் பிள்ளைக்கு ஒரு மெட்டு, அதுதான் அவனைக் கூப்பிடும் பெயர். ஆள் போனால் மெட்டும் அவனோடு போய்விட வேண்டும், அப்புறம் யாரும் அதைப் பாடக்கூடாது. அவன் லாரியில் அடிபட்டுப் போன இந்த மூன்று வருஷத்தில் அம்மா அதை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை. நீ அதைப் பாடியிருக்கிறாய் என்று காதில் விழுந்த நாளிலிருந்துதான், போனில் உன் பெயரைக் கண்டால் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். "எம் புள்ளையக் கொண்டுபோய்க் கடைத்தெருவுல நிக்க வெச்சுட்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நீ வீட்டின் கடைசிப் பெண், நம் வழக்கப்படி இந்த வீடே உனக்கு வரவேண்டியது. கிறிஸ்துமஸுக்கு உன் அறையைக் கூட்டி வைக்கலாமா என்று கேட்டேன். துடைப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள்.

உன் பாட்டுகளைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பழைய சாயங்காலங்களே ஞாபகம். ஷில்லாங்குக்குக் குடிவந்த புதிதில் அம்மா வாசலில் நின்று மெட்டுப் போட்டுத்தான் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாள். தெருப் பையன்கள் கேலி செய்வார்கள். உன்னுடையது சின்ன மெட்டு. அது முடியுமுன்னே செருப்பை மைதானத்தில் விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய். பின்ஷாயுடையது நீளம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு காது கேட்காதவன்போல் நிற்பான், இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் வருவான். என் மெட்டைத் தெரிந்தவள் இப்போது உலகத்தில் என் கூடப்பிறந்த உன் அம்மா ஒருத்திதான். அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

போன சனிக்கிழமை அம்மாவைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவள் முன்னால் உட்கார்ந்ததும் பாட்டை அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றாள். ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் நம் ஊர்ப்பக்கத்து வயதான அம்மாள் ஒருத்தி, மடியில் வெற்றிலைக் கட்டு. சந்தைக்கு முன்னால் ஒரு பஸ் பின்னுக்கு வந்து இடிக்கப் பார்த்தது. அந்த டிரைவரோடு நான் கத்திக்கொண்டிருந்ததில் எட்டாவது பாட்டு முடிந்ததைக் கவனிக்கவில்லை. ஒன்பதாவது ஆரம்பித்துவிட்டது.

வெற்றிலைக்கார அம்மாள் என் தோளைத் தட்டினாள். "தம்பி, வண்டிய நிறுத்து. யாரோ புள்ளையக் கூப்பிடுறாங்க. அவன் இன்னும் ஏறல போலிருக்கு" என்றாள்.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தாபிஷா, அவனைத்தான் தேடினேன். அம்மாவும் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.

பாட்டு முடியும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. முடிந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசி எறக்கத்தத் தப்பாப் பாடியிருக்கா. எப்பவும் அவசரம் இவளுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படிக் கூப்பிட்டா அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவ்வளவுதான். இறங்கிப்போய் மீன் வாங்கினாள், வழக்கம்போல் விலைக்குச் சண்டை போட்டாள்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை, அவளைக் கேட்கவும் பயம். ஆனால் இன்று காலை கோழிக்கு அரிசி போடப் போனவள், கையில் கிண்ணத்தோடு சாலைப் பக்கம் திரும்பி நின்று ஒரு மெட்டைக் கூப்பிட்டாள். நீளமானது இல்லை, சின்னது. உனக்கு ஒரு தடவை போதும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

உன் அறையை நான் கூட்டி வைத்துவிட்டேன். கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தத் தடவை செருப்பைப் போட்டுக்கொண்டே ஓடிவா, தரை ரொம்பச் சில்லிட்டுக் கிடக்கிறது.

இப்படிக்கு,
வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் மாமா
தெய்லாங்