சிரித்தவர்களின் வயது

பிப்ரவரி 4

துறைத் தலைவர் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தலைப்பின் மேல் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. படிக்காமலே போட்டிருப்பார் என்று பார்த்தால், வரிவரியாகப் படித்திருக்கிறார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"உள்நாட்டுப் போரைப் பத்தின புத்தகத்துல 'சந்தோஷம்'னு ஒரு அத்தியாயமா? செத்தவங்க வீட்டுல படிச்சா என்ன நினைப்பாங்க?"

யார் முதலில் சுட்டது என்று எங்கள் வரலாற்றுத் துறையில் ஒரு தலைமுறையாக அடித்துக்கொள்கிறார்கள். பாலத்தை மூடியது யார், ஒப்பந்தத்தை மீறியது யார் என்று அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள். ஆனால் பிழைத்தவர்களைப் பேச விட்டுப் பதிவு செய்தால், பாதிப் பேர் நடுவில் சிரிக்கிறார்கள். தட்டச்சுப் பிரதியில் அடைப்புக்குறிக்குள் "சிரிக்கிறார்", "சிரிக்கிறார்" என்று வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை.

"சிரிப்பெல்லாம் ஆதாரம் ஆகாதுங்க. பதற்றத்துல வர்றது" என்றார். அப்போ அழுகை மட்டும் ஆதாரமா சார் என்று கேட்டுவிட்டேன். முகம் கறுத்துப் போயிற்று. புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் நல்ல காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அத்தியாயம் காலி.

பிப்ரவரி 5

பதற்றமாம்!

பிப்ரவரி 9

ஞாயிறு. திருத்த உட்கார்ந்தால் அந்த வகுப்பறைதான் கண்முன் வருகிறது.

போர் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா வேலைக்குப் போன ஒரு காலையில் பாலத்தை மூடினார்கள். அவர் அந்தக் கரை, நாங்கள் இந்தக் கரை. தெருவே மூட்டை கட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் குடிபோனது. எங்களுக்கு வாய்த்த வகுப்பறையில் ஒரு சுவர் முழுக்க உலக வரைபடம். யார் அதன் எந்தப் பகுதிக்குக் கீழே படுத்தார்களோ அதுவே அவர்கள் முகவரி. காது கேட்காத தையல்காரரும் மனைவியும் வடதுருவம். நாங்கள் இருவரும் நடுக்கடல். "கடல்காரங்களே, கொஞ்சம் நகர்ந்து படுங்க" என்பார்கள்.

அக்கா பெஞ்சுகளைச் சேர்த்துக் கப்பல் கட்டினாள். சாக்பீஸால் தரையெல்லாம் அலை வரைந்தாள். குண்டு விழும்போது "புயல் வருது!" என்று கத்துவாள். பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு கப்பலுக்கு அடியில் புகுவோம். அதற்கப்புறம் பட்டம், பதவி, கருத்தரங்கு என்று எவ்வளவோ வந்தாயிற்று. ஆனால் கண் விழித்ததுமே இன்றைக்கு என்ன விளையாட்டு என்று மனசு துள்ளியது அங்கேதான். அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள். எனக்கு வேண்டும்.

அக்காவிடம் பேச்செடுத்தால் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த அறையில் இருந்தவர்களில் இன்று எனக்குத் தெரிந்து உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 18

ரேடியோ வந்து கதவைச் சாத்தினாள். என்னோடு சேர்ந்து பேட்டி எடுப்பவள். வாய் ஓயாது என்பதால் துறையே வைத்த பெயர்.

"உங்கக்கா போன் பண்ணி வரச் சொன்னாங்க. பேட்டி கொடுத்துட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் பேசினாங்க."

என்கிட்ட ஞாபகமே இல்ல, இவகிட்ட மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஞாபகமா? கூடப் பிறந்தவ நானா இவளா?

"என்ன சொன்னா?"

"விதி உனக்குத் தெரியும்ல."

தெரியாமல் என்ன, நான் போட்ட விதி. சொந்தக்காரரைச் சொந்தக்காரர் பேட்டி எடுக்கக் கூடாது. பேசியவர் தன் பதிவைக் கேட்டு அனுமதி தரும்வரை சொந்தக்காரர் காதில் அது விழவும் கூடாது. வீட்டு மனிதர்களிடம் எல்லோரும் அவர்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள், அது வரலாற்றுக்கு உதவாது என்று மேடை போட்டுப் பேசியவள் நான். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

பிப்ரவரி 21

ஊர் வம்பு அத்தனையும் பேசுகிறவளுக்கு இதில் மட்டும் வாய்க்குப் பூட்டு.

மார்ச் 2

அக்காவின் பதிவு என் அறை அலமாரியில் இருக்கிறது. சாவி என் கைப்பையில். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் எடுத்துவிட்டேன். ஹெட்ஃபோனை மாட்டினேன். அக்கா தொண்டையைச் செருமுவது கேட்டது. நிறுத்திவிட்டேன்.

யோக்கியம் என்று சொல்ல முடியாது. பயம். "அந்த எடத்தை நினைச்சாலே வெறுப்பு" என்று சொல்லியிருந்தால்? "அந்தச் சனியனை வேற தூக்கிச் சுமந்தேன்" என்றிருந்தால்? அத்தியாயம் போனால் போகட்டும். என் கடலும் போயிடுமே.

மார்ச் 11

ஒரு நாள் அந்த வகுப்பறைக் கூரையில் ஓட்டை விழுந்து அதன் வழியாக வெயில் இறங்கியது. இருட்டிலேயே கிடந்த பிள்ளைகள் அதற்குள் கையை நீட்டி நீட்டி விளையாடினோம். எனக்கு மிகப் பிடித்த ஞாபகம். அத்தியாயமே அதில்தான் தொடங்குகிறது.

இன்று பழைய நாளிதழ்களில் அந்த நாள் அகப்பட்டது. பள்ளியின் அடுத்த கட்டடத்தில் குண்டு விழுந்திருக்கிறது. இறந்தவர் பட்டியலில் வடதுருவத்துத் தையல்காரர், அவர் மனைவி. அவர்கள் உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தேன்? எனக்கு அப்படிச் சொன்னது யார்?

ரேடியோவிடம் காட்டினேன். "வெளிச்சம் அப்படியே ஞாபகம் இருக்கு. சத்தம் துளிகூட ஞாபகம் இல்ல" என்றேன்.

"உன் காதை யார் பொத்தினாங்க?" என்று கேட்டாள்.

மார்ச் 12

பார்க்கிறவர்களிடமெல்லாம் கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 20

அக்கா பதிவைக் கேட்க வந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோ அவளுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டாள். நான் இந்தப் பக்கம் ஏதோ திருத்துவதாகப் பாவனை. அழுவாள் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு முறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

பிறகு கேன்டீனில் டீ.

"மூடி வைக்கச் சொல்லிட்டேன். நீ இருக்குற வரைக்கும்."

எல்லோரும் தங்கள் காலத்துக்குப் பிறகு திறக்கச் சொல்வார்கள். அதுதான் வழக்கம். தப்பாகச் சொல்கிறாளோ என்று, "'நான் இருக்குற வரைக்கும்'னு சொல்லணும்க்கா" என்றேன்.

"எனக்குச் சொல்லத் தெரியும். நீ இருக்குற வரைக்கும்தான். நான் இருந்தா என்ன, போனா என்ன, நான் பட்டதுதானே அது."

"அப்புறம் எதுக்குப் பேசின?"

"எங்கேயாவது இருக்கணும்ல. எல்லாத்தையும் உள்ளேயே வச்சுக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"என்கிட்ட சொல்லேன்க்கா. எனக்கென்ன இன்னும் எட்டு வயசா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தக் கப்பலைப் பத்திப் பேசறப்ப உன் மூஞ்சி எப்படி ஆகும்னு உனக்குத் தெரியாது. அங்கேருந்து நான் உருப்படியா வெளியில கொண்டு வந்தது அது ஒண்ணுதான். அதை என் கையாலேயே ஏண்டி உடைக்கச் சொல்ற?"

அழுதுவிட்டேன். மாணவர்கள், சக ஊழியர்கள், அத்தனை பேர் நடுவில். வெட்கமாக இல்லை.

"டீ ஆறுது" என்றாள் அக்கா.

மார்ச் 27

பேட்டிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்து முடித்தேன். நான் செய்திருந்த முட்டாள்தனம் இப்போதுதான் உறைக்கிறது. சிரிப்பு வந்த இடங்களை மட்டும் வெட்டியெடுத்து அழகாக அடுக்கி வைத்திருந்தேன். சிரித்தவருக்குப் போரின்போது என்ன வயது என்று பார்க்கவே இல்லை. முதலாண்டு மாணவிகூடப் பார்த்திருப்பாள்.

அநேகமாக எல்லோரும் அப்போது குழந்தைகள். ஒவ்வொரு சிரிப்புக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். அண்ணன் பாடினான், சித்தி பொம்மை செய்தாள், பக்கத்து வீட்டு மாமா பேய்க்கதை சொன்னார். அந்தப் பெரியவர்களில் சிலர் எங்களுக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார்கள். அதே நாட்களைப் பற்றிக் கேட்ட இடத்தில் அடைப்புக்குறிக்குள் "மௌனம்" என்று இருக்கிறது.

ரொட்டிக் கடைக்காரம்மா ஒருத்தி மட்டும் நடுத்தர வயதில் போரைப் பார்த்தவள், பேட்டி முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றே எழுதப்போகிறேன்.

ஏப்ரல் 8

அத்தியாயத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். "சிரிக்க வைத்தவர்கள்" என்று தலைப்பு. கூரை வெயில் இல்லை, கப்பல் இல்லை. அவற்றுக்குச் சாட்சி என்னைத் தவிர ஒருத்திதான், அவள் பேச்சு மூடியிருக்கிறது.

தலைவர் என் அறைக்கே வந்தார், வழக்கமில்லாத வழக்கமாக. சண்டைக்கு என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இருக்கட்டும்" என்றார். வாசல் வரை போனவர் நின்றார். "புத்தகம் வந்ததும் எங்க பெரியண்ணனுக்கு ஒரு பிரதி வேணும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

ஏப்ரல் 13

ஞாயிறு. அக்கா வீடு. அத்தியாயத்தை முன்பே அனுப்பியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாளாம்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. கப்பலைக் காணோமே?"

"ஆதாரத்தை ஒரு அம்மா மூடி வச்சுட்டாங்க."

"கொழுப்புடி உனக்கு." அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "சரி, வாயால சொல்லு. கேக்குறேன்."

இத்தனை வருடத்தில் அவள் கேட்டதே இல்லை. ஆரம்பித்தேன். வரைபடம், கடல், பெஞ்சுகள், சாக்பீஸ் அலைகள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கப்பலுக்கு ஒரு பேரு வச்சோமே" என்றாள் திடீரென்று. "சொல்லு பார்ப்போம்."

எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"தொந்தி! நடு பெஞ்சு தொங்கிட்டே இருக்கும்ல. நான்தான் வச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. என் அத்தியாயத்தின்படி அவள் சிரிக்கக் கூடாது. தொழில் புத்தி போகுமா, மனதுக்குள் குறித்துக்கொண்டேன். சிரிக்கிறார். அப்போது வயது பதினெட்டு.