பொத்தான் இல்லாத துப்பாக்கி

ஏப்ரல் 17, வியாழன்

காலை உணவின்போது நான் சொல்லாமல் விட்டது: ஆடு தின்ன வந்த கயோட்டி நரியைக் குறிபார்த்து விசையை இழுத்தேன், துப்பாக்கி 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

எண்பது கஜம்கூட இருக்காது. பிறந்து இரண்டு நாளான ஆட்டுக்குட்டியின் கழுத்தை அது கவ்வியிருந்தது. சத்தம் கேட்டால் ஓடிவிடுமே என்று துப்பாக்கியின் கைப்பிடியைப் பின்னால் இழுத்து, விட்டுவிடாமல், கையோடு முன்னே கொண்டுபோய் மெதுவாக மூடினேன். அப்படிச் செய்தால், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் கடைசி நகக்கண் அளவுக்குப் பூட்டாமல் நின்றுவிடும். கையை எடுத்துவிட வேண்டும். சுருள்வில்தான் அடித்து மூட வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். கயோட்டி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பிறகு குட்டியோடு போனது.

"வெடிச் சத்தமே கேக்கலையேடி?" என்றான் ரோலன் அண்ணன், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"சரியா குறி கிடைக்கல."

"கால்தடம் பாத்துட்டுதான் வரேன். வேலிகிட்டயே நின்னுருக்கு. கல்ல எடுத்து அடிச்சிருந்தாகூட விழுந்திருக்கும்."

"விடுடா," என்றார் அப்பா. "விடியற நேரத்து வெளிச்சம் அப்படி."

கிழக்கு மேய்ச்சலின் விடியல் காவல் இந்த வருடம்தான் முதல்முறையாக எனக்குக் கிடைத்திருக்கிறது. பதினாறு வயதிலிருந்து அது ரோலனுடையது. திரும்ப வாங்க ஒரு காரணம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நானே எடுத்துக் கொடுப்பேனா?

ஏப்ரல் 18

உண்மையான காரணம் காவல் மட்டும் இல்லை. எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள்.

குளிர்காலத்தில் பாகம் பாகமாக வாங்கி, இந்தத் துப்பாக்கியைச் சமையலறை மேசையில் நானே சேர்த்துப் பூட்டினேன். மேல்பாகம் வாங்கும்போது வலப்பக்கப் பொத்தான் இல்லாததாகத் தேர்ந்தெடுத்தேன். போல்ட் முழுதாக மூடாமல் நின்றால் பெருவிரலால் குத்தி உள்ளே தள்ளுவதற்கான பொத்தான் அது. ஜனவரியில் ஓர் இரவு உணவு முழுக்க அதைப் பற்றிப் பேசினேன். முதலில் வடிவமைத்தவர்களே வேண்டாம் என்றார்கள், ராணுவம் கேட்டுச் சேர்த்தது. உள்ளே போக மறுக்கும் தோட்டாவுக்கு ஏதோ காரணம் இருக்கும். அதைக் குத்தித் தள்ளுவது திறக்காத கதவை உதைப்பது மாதிரி. வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை ஏற்றுவதுதான் அறிவு. நன்றாகத்தான் பேசினேன். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக.

"ஒரு நாள் தேடுவே பாரு," என்றான் ரோலன்.

"தேடினா உன்கிட்ட வந்து சொல்றேன்."

சொல்கிறேன் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 19

தீவனக் கடைக்குப் போனேன். பின்பக்கத் தோட்டா கவுன்டரில் டெல்பர்ட். ஒரு பெட்டிதான் கேட்டேன். முழுப் பாடமும் நடத்தினார்.

"உன்னோடதுல பொத்தான் இல்லயாமே? ரோலன் சொன்னான். யாரோ உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கம்மா."

"நானே பூட்டினது."

"அப்ப நீயே ஏமாந்துட்டே."

பக்கத்தில் நின்றவர் உடனே மறுத்தார். நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட அதை அமுக்கியதில்லையாம். "அது சட்டைக் கையில இருக்கற மூணாவது பட்டன் மாதிரி. எதுக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

"உன் சட்டைல மூணாவது பட்டனே இல்லயே."

"அதான் சொல்றேன், இல்லாமயே வாழ்ந்துட்டேன்ல?"

இருபது நிமிடம். என்னைத் தாண்டியே பேசிக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் பதில் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21

இன்னும் இரண்டு குட்டிகள் போய்விட்டன. அதே கயோட்டியாகத்தான் இருக்கும். அது என்னைப் பார்த்த பார்வை.

ஏப்ரல் 23, புதன்

என்ன எழுதுவது?

ஜோலீன் அண்ணிக்குப் பல் பிடுங்க நான் வண்டி ஓட்டிப் போக வேண்டியிருந்தது. எட்டு மணிக்கே அங்கே இருக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே கிளம்பினோம். என் காவலை அப்பா பார்த்துக்கொண்டார். என் துப்பாக்கி அவர் டிரக்கின் பின்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது; நேற்று நான்தான் மாட்டினேன். அவருடையது துடைப்பதற்காகக் கழற்றிக் கிடந்தது.

மூன்று கயோட்டிகள் வந்திருக்கின்றன. பிஷப் தனியாக எதிர்த்து நின்றிருக்கிறது. ஒன்பது வயதுக் காவல் நாய், ஆடுகளோடே பிறந்து ஆடுகளோடே வளர்ந்தது. அப்பா குறிபார்த்தார், இழுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கியை டிரக்குக்குள் எறிந்துவிட்டு ஹாரனை அடித்துக்கொண்டே அவற்றின் மேல் ஓட்டியிருக்கிறார். அதற்குள் முடிந்துவிட்டது.

நாங்கள் வந்தபோது ரோலன் குழியை மூடிக்கொண்டிருந்தான். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தோட்டாவ ஏத்த மறந்துட்டேம்மா," என்றார். "ஏத்தினதாதான் ஞாபகம். அப்படியே கண்ணுல நிக்குது. ஆனா ஏத்தல."

டிரக்குக்குப் போய்ப் பார்த்தேன். போல்ட் நகக்கண் அளவு திறந்து நின்றது. உள்ளே தோட்டா. வெளியே எடுத்தேன், அதன் பின்பக்கத்தில் ஊசி பட்ட கீறல்கூட இல்லை.

அவர் மறக்கவில்லை. மெதுவாக மூடியிருக்கிறார். அவர் என்ன, இந்த வீட்டில் யாரும் துப்பாக்கியைச் சத்தமாக மூடியதே இல்லை. எல்லோரும் கையாலேயே தள்ளிப் பூட்டுகிற பழைய கைப்போல்ட் துப்பாக்கியில் பழகியவர்கள். கதவை அறைந்து சாத்தாதே என்பதைப் போல எங்களுக்கு அது ஒரு மரியாதை. மெதுவாக மூடினாலும் பழையது பூட்டிக்கொள்ளும். இது பூட்டாது.

தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 26

சொன்னால் என்ன ஆகும்? பிஷப் செத்தது என்னால் என்று ஆகும். முதல் 'டிக்'கை அன்றே சொல்லியிருந்தால் அப்பா கையை எடுத்திருப்பார், அல்லது இந்தத் துப்பாக்கியையே தொட்டிருக்க மாட்டார். இத்தனை புத்தகம் படித்தவள். எல்லாவற்றுக்கும் வாதம் வைத்திருப்பவள்.

மதியம் குட்டி ஈனும் கொட்டகைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல். யாரோடு பேசுகிறார் என்று நின்றேன்.

"நூறு. தொண்ணூத்தி மூணு. எம்பத்தாறு. எழுபத்தொம்பது..."

ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டிருந்தார். எமரி பெரியப்பாவின் ஞாபகத்தைச் சோதிக்க மருத்துவர் அப்படித்தான் எண்ணச் சொன்னார்; இரண்டாவது படியிலேயே பெரியப்பா நின்றுவிட்டார். அதற்கு நாலு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் யார் பெயரும் அவருக்குத் தெரியாது.

"ஐம்பத்தெட்டு," என்றார் அப்பா. பிறகு மறுபடி, "நூறு."

வாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 28

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 30

அப்பா டிரக் சாவியை ரோலனிடம் கொடுத்துவிட்டார். காஸ்பர் நகரத்து மருத்துவரிடம் நினைவுப் பரிசோதனைக்கு மே 13 நேரம் வாங்கச் சொல்லியிருக்கிறார். மலை மேய்ச்சல் உரிமத்தை ரோலன் பெயருக்கு மாற்றும் தாள்களும் கேட்டாராம். இதையெல்லாம் ரோலன் பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பாமலே சொன்னான்.

"உனக்கு வேண்டியதுதானே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"இப்படி வேணும்னு நான் கேட்டேனாடி?" ஒரே தட்டை மறுபடி மறுபடி துலக்கினான். "கேட்டுக்குப் பூட்டு போட்டோமான்னு ராத்திரி மூணு தடவ கேக்கறாரு. போட்டாச்சுப்பா, போட்டாச்சுப்பான்னா, அப்படியான்னுட்டுத் தானே போய்ப் பாக்கறாரு."

மறதிக்காரர் அப்படிச் செய்யமாட்டார், பயந்தவர்தான் செய்வார். எனக்கு அது தெரியும். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினேன். என்ன ஜென்மம் நான்?

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் குட்டிகளுக்குக் காது வில்லை போட்டுக்கொண்டிருந்தோம். நான் பிடித்துக்கொள்ள, அவர் குத்தினார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, என்னிடமும் காட்டினார். நாற்பத்தியோராவது குட்டியில் என்னால் முடியவில்லை.

"அப்பா, நீங்க மறக்கல. அன்னிக்குத் தோட்டா உள்ளதான் இருந்துச்சு."

அவர் வில்லை குத்தும் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாக மூடினால் அது பூட்டாது என்பதை, எனக்கு ஏப்ரல் பதினேழிலேயே அப்படி ஆனதை, எடுத்த தோட்டா என் மேசை இழுப்பறையில் இருப்பதை. நான் உளறிக்கொண்டே போக அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் ஏத்தினேனா?"

"ஏத்தினீங்கப்பா."

"ஏத்தினேன்," என்றார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "எத்தன நாளா தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"பதினோரு நாள்." உடனே சொன்னார், விரல் மடக்காமல். பிறகு, "குட்டிய விடும்மா, மூச்சு முட்டுது அதுக்கு."

மிச்சக் குட்டிகளுக்கு ரோலனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மே 5

ரோலன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பொத்தான் இருந்திருந்தா?" என்றான்.

"இருந்திருந்தா, அமுக்கியிருந்தா, பிஷப் பிழைச்சிருக்கலாம். போதுமா? தேடினேன். சொல்லிட்டேன்."

"போதாதுடி. நான் உன்ன ஜெயிக்கணும்னா கேட்டேன்? அந்த மனுஷன் தினமும் கொட்டகைல நின்னு ஏழேழா எண்ணிட்டிருந்தாரு. நானும்தான் அத என் காதால கேட்டேன்." என்னை அவன் அடிக்கக்கூட நினைக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அப்பா உள்ளே வந்தார். ரோலன் எதற்கென்று தெரியாமல், வாய் சும்மா இருக்காமல், தன் துப்பாக்கியை எடுத்துக் காட்டிக் கேட்டான்: "அப்பா, இதுல இந்தப் பொத்தான் இருக்கே, இது இருந்திருந்தா அமுக்கியிருப்பீங்கதானே?"

அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அது கழட்டறதுக்குன்னுல்ல நெனச்சேன். எதுக்குடா அது?"

நான்கு மாதம். நான்கு மாதமாக அந்த ஒரு பொத்தானுக்காக இந்த வீட்டில் சண்டை, ஊரில் சண்டை, டெல்பர்ட்டின் பாடம், என் சொற்பொழிவு. இரண்டு கட்சியும் ஒரு நிமிடம் நிறுத்தி அவருக்குத் துப்பாக்கியை எப்படி மூடுவது என்று சொல்லித் தரவில்லை. இருந்திருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டார். இல்லாமலும் பிஷப்பைக் காப்பாற்றியிருப்பார், கையை எடுத்துவிடச் சொல்லியிருந்தால். கைப்பிடியை இழுத்துவிட்டுக் கையை எடுப்பவர்களுக்கு அது தேவையில்லை. எடுக்காதவர்களுக்குத் தேவை, அது எதற்கென்று தெரிந்திருந்தால். இரண்டு வரி. இதை ஜனவரியில் சொல்லியிருக்கக் கூடாதா நான்? சொல்லவில்லை, ஏனென்றால் இதில் ஜெயிக்க ஒன்றும் இல்லை.

மே 9

அப்பா என்னோடு பேசுகிறார். உப்பு எடு, வாயிற்கதவைச் சாத்து, மழை வருமா. அவ்வளவு.

மே 14

நேற்று காஸ்பருக்குப் போய்வந்தோம். வேண்டாம் என்று ரத்து செய்வார் என நினைத்தேன். "வாங்கின நேரத்த எதுக்கு வீணாக்கணும்," என்றார். நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார். நானும் ரோலனும் வெளியே உட்கார்ந்திருந்தோம். ஒரு குறையும் இல்லை, அடுத்த வருடம் வந்தால் போதும் என்றார் மருத்துவர். வண்டி நிறுத்துமிடத்தில் அப்பா கையை நீட்டினார். ரோலன் சாவியை அதில் வைத்தான். வழியெல்லாம் அவரே ஓட்டினார், கொஞ்சம் வேகமாகவே.

மே 16, வெள்ளி

உரிமத் தாள்கள் அடுப்புக்குப் போயின. அப்பா இன்று நாலேமுக்காலுக்கு எழுந்து, தன் பழைய கைப்போல்ட் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, டிரக்கை ஓட்டிக்கொண்டு கிழக்கு மேய்ச்சலுக்குப் போனார். விடியல் காவல் இனி எனக்கில்லை, அவருடையதாம். ரோலனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.