நம் வீட்டு வாசலில் நிற்கும் ஜெயமாலாவின் கார்

செஞ்சி,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் பிரம்மிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். இந்த வரியை முழு மனதோடு எழுதும்படி வைத்ததற்கு அந்தப் பார்சுவநாதருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், ஏன் என்று பின்னால் வருகிறேன். அந்தக் கனடாக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு ஒரு சொட்டு எண்ணெயாவது வைக்கிறாயா என்றெல்லாம் கேட்க ஆசை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் மீட்டிங் இருக்குதும்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசி வரை படி.

முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். உன் சித்தி ஜெயமாலா கார் வாங்கினது உனக்குத் தெரியும். அவர்கள் தெருவில் நிறுத்த இடமில்லை என்று அந்தக் காரை நம் வீட்டு வாசலில் நிறுத்துவது தெரியாது. தன் தம்பி வந்து கேட்டதும் உன் நைனா வாய் நிறையச் சரி என்று சொல்லிவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் கதவைத் திறந்தால் சிவப்பாக அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். பாதிக் கோலம் அதன் அடியில் போய்விடுகிறது. எனக்கு ஆறு வருஷம் கழித்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவள், ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான், இன்றைக்கு அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வருகிறாள், நான் வாளியும் கையுமாக நகர்ந்து வழிவிடுகிறேன். இத்தனைக்கும் ஊரே வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. நம் பாத்திரக் கடையில் சீர் எடுக்க வருகிறவர்கள்கூடப் பித்தளையைத் தட்டிப் பார்த்து விலை கேட்டுவிட்டு எவர்சில்வரோடு முடித்துக்கொள்கிறார்கள். மல்லாட்டைக் கடலை விலை இறங்கினதிலிருந்து சிங்கவரம் பக்கத்து ஆட்கள் கடைப் பக்கமே திரும்புவதில்லை. இந்த நேரத்தில் இவளுக்கு மட்டும் எப்படி என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

இதில் ஒரு கூத்து வேறு நடந்தது, உன்னிடம் சொல்லவில்லை. கார் வந்த மறுநாள் பால் ஊற்றும் அன்புக்கரசி, இன்னாம்மா புதுக் காரா, பொண்ணு வாங்கிக் குடுத்துச்சா என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை பிரம்மி. அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் எல்லோரும் பார்க்க உன் சித்தப்பா வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மானமே போய்விட்டது. அந்த ஒரு ஆமாமை நிஜமாக்கத்தான் உன்னைத் தினமும் போனில் போட்டுப் பிடுங்கி எடுத்தேன்.

நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இங்க நெலம சரியில்லம்மா, கம்பெனி கம்பெனியா ஆள வேலைய வுட்டுத் தூக்கறாங்க, சித்திரை வரைக்கும் பொறு என்றாய். உன் நைனாவும், யாரும் வாங்காத நேரத்துல நாம மட்டும் வாங்கறதுக்கு நமக்கு இன்னா தனியா மழ பெய்யுதா என்றார். ஆனால் திண்டிவனத்து ஷோரூம் பிள்ளை சொன்னதுதான் என் காதில் ஏறியது. யாரும் வாங்காததனாலதான் மேடம் கம்பெனியே எறங்கி வருது, தை பொறந்தா ஏத்திடுவாங்க, இப்ப எடுத்தா சீட் கவரும் மேட்டும் ஃப்ரீ என்றான். அதைக் கேட்டுக்கொண்டு வந்துதான் அன்றைக்கு உன்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். சித்தி பிள்ளை ஜினேஷும் நீ இருக்கிற அதே ஊரில்தானே இருக்கிறான், அவன் அவன் அம்மாவுக்கு வாங்கித் தரவில்லையா என்று.  அதற்கப்புறம்தான் நீ, சரிம்மா, தைக்குள்ள பணம் அனுப்பறேன், புக் பண்ணிக்கோ என்றாய். நான் மறுநாளே போய் அட்வான்ஸ் கட்டினேன். அவள் காரைவிட ஒரு சாண் நீளமானதாகப் பார்த்துத்தான் கட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஜெயமாலா காருக்கு மேல்சித்தாமூர் கோயிலில் பூசை வைத்தாள். எங்களையும் கூப்பிட்டாள். காரிலேயே வாங்க அக்கா என்றாள், நான் முடியாது என்று பஸ்ஸில்தான் போனேன். பூசை முடிந்து எல்லோரும் கிளம்புகையில் நாலு மணி இருக்கும். அக்கா, பின்னால எடம் காலியா இருக்குது, ஏறுங்க, பொழுதோட வூட்டுக்குப் போயி சாப்டலாம் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உன் நைனா காலை எடுத்து வைக்கப் போனார். நான், அவருக்கு ஏசி ஒத்துக்காதும்மா, நீங்க போங்க என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அமாவாசை. செஞ்சியிலேயே பிறந்து செஞ்சியிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான், அமாவாசைச் சாயங்காலம் இருக்கிற பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலாக விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. எல்லாம் தெரியும், அந்தச் சிவப்புக் கதவுதான் கண்ணை மறைத்தது.

நின்றோம் நின்றோம், அஞ்சு மணிக்குத்தான் ஒரு பஸ் வந்தது. அரை மணியில் வீட்டில் இருப்போம் என்று உன் நைனா வழக்கம்போல் சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். செஞ்சி எல்லையில் வண்டி நின்றுவிட்டது, முன்னால் கோயில் கூட்டத்து வண்டிகள் வரிசையாக. கார்த்திகைப் பொழுது எவ்வளவு நேரம் காத்திருக்கும், கண் முன்னாலேயே ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. என் பையில் முறுக்கு இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் வாழைப்பழம் நீட்டினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நாங்க ஜைனருங்க, பொழுது போயிடுச்சும்மா, இனிமே சாப்டறதில்ல என்றார். உனக்குத் தெரியுமே, கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள்கூட இருட்டின பிறகு அவர் வாயில் பச்சைத் தண்ணீர் பட்டதில்லை. கெஞ்சினேன், திட்டினேன், கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சர்க்கரை இறங்கி, வேர்வையில் சட்டையெல்லாம் நனைந்து நாக்குக் குழறியது. படியிலேயே சரிந்துவிட்டார் பெண்ணே.

ஆட்டோக்காரர்கள் ஒருவரும் இல்லை, எல்லாம் கோயில் சவாரி. நான் யாரைக் கூப்பிட்டேன் தெரியுமா, ஜெயமாலாவைத்தான். எந்தக் கார் வேண்டாம் என்றேனோ அந்தக் காரே வந்தது, உன் சித்தப்பா ஓட்டினார். அவள் உன் நைனாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மாமா கண்ணத் தொறங்க, மாமா கண்ணத் தொறங்க என்று ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கால் மணி போயிருந்தால் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். கண் விழித்ததும் இந்த மனுஷர் கேட்ட முதல் கேள்வி, வாயில ஒண்ணும் ஊத்தலியே என்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், மாத்திரையை மாற்றிவிட்டார்கள், நேற்றிலிருந்து கடைக்கும் போகிறார், நீ பதறாதே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததற்காகத்தான் இந்தக் கடிதமே. உனக்குப் போன் போட நம்பரை எடுத்தேன். ஜெயமாலா என் கையைப் பிடித்து, வாணாம் அக்கா, இப்ப சொல்லாதீங்க, அதுவே பாவம் ஆவணியிலேர்ந்து வேல இல்லாம இன்னா பாடு படுதோ என்றாள். சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவளுக்கே தெரிந்தது. ஜினேஷ் சொல்லியிருக்கிறான். மூணு மாசமாக அவளுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் ஒருத்தரிடமும் அவள் மூச்சு விடவில்லை, நானாக இருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. ஆவணியிலிருந்து வேலை இல்லாதவளுக்கு ஏது மீட்டிங் பிரம்மி? கையிருப்பை வழித்து எனக்குக் கார் வாங்கித் தரப் பார்த்தாயே, நீ வாடகைக்கு என்ன செய்வாய் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மறுநாள் போய் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டேன், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள், போகட்டும். புதன்கிழமை கார் வேண்டாம் என்று போனில் காரணம் சொல்லாமல் சொன்னேனே, அப்போது நீ ஒரு பெருமூச்சு விட்டாய். அது என் காதில் விழுந்தது. கார் எப்போது என்று நீ இனிமேல் கணக்குப் போட வேண்டாம். உனக்கு நல்ல வேலை கிடைக்கட்டும், ஒரு வருஷம் நிம்மதியாகச் சம்பளம் வாங்கு, உனக்கு ஒரு நல்ல குளிர் கோட்டு வாங்கிக்கொள், அதற்கப்புறம் பார்க்கலாம். ஷோரூம் எங்கேயும் ஓடிவிடாது. அதுவரைக்கும் ஜெயமாலா காரிலேயே போகிறேன், முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். அன்புக்கரசியிடமும் அது என் கொழுந்தனார் கார் என்று சொல்லியாயிற்று. அவள், தெரியும்மா என்றாள், அதுதான் இன்னும் எரிகிறது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. இடம்தான் மாறியிருக்கிறது. அவள் வீட்டுக்குக் கார் முதலில் வந்தது, வரட்டும். என் பெண்ணுடைய கஷ்டம் என் வீட்டுக்கு வராமல் அவள் வீட்டுக்கு முதலில் போய்விட்டதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் எப்படிச் சொல்லியிருப்பாய், சொல்ல நான் எங்கே இடம் கொடுத்தேன், போனை எடுத்தால் கார் கார் என்றுதானே பேசினேன். அம்மாவை மன்னித்துவிடு.

நைனா ஆசி சொல்லச் சொன்னார். உனக்கு ஒரு குறையும் வராமல் பார்சுவநாதர் துணை இருப்பார், வேலை தேடிப் போகிற இடத்தில் நல்ல வார்த்தையே காதில் விழட்டும். அங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறதாமே, முடிந்தால் பொழுதோடு சாப்பிடு, முடியாவிட்டால் இருட்டினாலும் சாப்பிடு, பட்டினி கிடக்காதே, நைனாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. நல்ல சேதி வந்தால் நீ ஜினேஷிடமே முதலில் சொல்லு, பரவாயில்லை. கெட்ட சேதி என்றால் எனக்குத்தான் முதலில்.

உன் அம்மா,
மருதேவி