துரைக்கு நீ அனுப்பிய பொடி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லி எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நாய் ஆஸ்பத்திரி வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிறேன், கம்பவுண்டர் எழுதுகிறார். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அவள் முன்னால் சொல்கிற விஷயம் இல்லை இது. நம் நாய் துரைக்கு நடுவில் உடம்பு மோசமாகிவிட்டது, இப்போது தேறி வருகிறது, உள்ளே ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அனுப்பிய மூட்டுப் பொடியும் மீன் எண்ணெயும் நல்ல சரக்குதான், அதில் குற்றம் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, மஞ்சள் மூடி பொடி, நீல மூடி எண்ணெய் என்று வைத்துக்கொண்டேன். பொடியை வெறுமே தூவினால் துரை மோந்துவிட்டு என்னை முறைக்கும், ஈரல் வெந்த தண்ணீரில் குழைத்தால் தட்டை நக்கியே சுவர் வரை தள்ளிக்கொண்டு போகும். பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடந்த நாய் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. ஒருநாள் காலையில் மாடிப்படியில் நகம் உரசுகிற சத்தம் கேட்டது. மாடியில் உன் தம்பி அறை தவிர என்ன இருக்கிறது, அவன் பைக்கில் அடிபட்டுப் போனதிலிருந்து நாங்கள் யாரும் அங்கே ஏறவில்லை. பாதிப் படியில் நின்று பார்த்தேன். துரை கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவன் நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்து வாலை ஆட்டியது. அதன் காது, ஒருத்தர் தடவிக் கொடுத்தால் மடங்குமே, அப்படிப் பின்னால் மடங்கியது, நிமிர்ந்தது, திரும்பவும் மடங்கியது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது மகளே, காற்றும் இல்லை.

இதை நான் வெளியே சொல்லவில்லை, ஆனால் உன் அம்மாவும் பார்த்துவிட்டாள். அவன் வந்திருக்கான்ங்க, துரைக்குத் தெரியுது, நமக்குத்தான் தெரியல என்றாள். அன்றிலிருந்து நாய் பின்னாலேயே ஏறிப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுவாள், உன் சின்னவனுக்குப் பல் விழுந்தது, பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடிப்பது, எல்லாம் சொல்வாள். கீழே எனக்குக் கேட்கும். நடுநடுவே நிறுத்துவாள், ஒருத்தர் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு நிறுத்துவாள், பிறகு சிரிப்பாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று, அதனால் நான் தடுக்கவில்லை.

ஒரு மழை நாளில் துரை படி ஏறாமல் சுருண்டு படுத்துவிட்டது. உன் அம்மா படிக்குக் கீழேயே நின்றாள், சாப்பிடக்கூட வரவில்லை. மறுநாளிலிருந்து பொடி கரண்டியில் கோபுரமாக ஏறியது, எண்ணெய் இரண்டு மடங்காயிற்று, போதாததற்குத் தன் எலும்பு மாத்திரையையும் நுணுக்கிப் போட்டிருக்கிறாள். எனக்கு எலும்புக்கு நல்லதுன்னா அதுக்கும் நல்லதுதானே என்று நினைத்துவிட்டாள் பாவம். துரை சோற்றைத் தொடாமல் வாந்தி எடுத்தது, சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது. தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார், மனுஷங்க எலும்பு மாத்திரை நாய்க்கு விஷம் மாதிரிங்க, கிட்னியைத் தின்னுடும், சத்துன்னா அள்ளிக் கொட்டுறதா என்றார். அதன் எடைக்கு எவ்வளவோ அவ்வளவுதான், நன்றாகச் சாப்பிடுகிற நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து தனியாக வேண்டாம், இப்போதைக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கிட்னி சரியானதும் மூட்டுப் பொடி மட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்ப அது இனிமே ஏறலேன்னா என்னங்க பண்றது என்று கேட்டாள். நான் தூக்கிட்டுப் போறேன், நீ எதையும் கலக்காதே என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போது கம்பவுண்டர் சிரிக்கிறார், அந்தப் பொடி உங்க முட்டிக்குத்தான் முதல்ல வேணும் பெரியவரே என்கிறார்.

நேற்று தூக்கிக்கொண்டு போனேன். உன் தம்பி போன பிறகு அந்த அறைக்குள் நான் கால் வைத்தது நேற்றுத்தான். துரையை இறக்கிவிட்டுக் கதவோரமாக நின்றேன். அது நாற்காலி பக்கத்தில் போய் வாலை ஆட்டிவிட்டு, பிறகு நான் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. உன் அம்மா நிதானமாக, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, அவன் வெளியே வரணும், வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே என்றாள்.

நான் ஒதுங்கி நின்றேன் மகளே.

நீயும் பிள்ளைகளும் நூறு வயது இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. முக்கியமாக ஒன்று, அம்மா போனில் கெஞ்சினாலும் சத்து மாத்திரை எதையும் அனுப்பாதே, டாக்டரம்மா சரி என்று சொன்னால் நானே மஞ்சள் மூடி கேட்கிறேன். தம்பியைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால் மறுத்துப் பேசாதே. அது நிஜமா என்று என்னிடமும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(பெருவிரல் ரேகை)